சூரியச் சுவரும் தலைகீழ் வரைபடமும்

அத்தியாயம் 14

திரைக்குப் பின்னால் இருந்த இரும்பு அலமாரி திறக்க மறுத்த இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தேன். திறந்துவிட்டது. சாவி கிடைக்கவில்லை, பெரியக்காவின் பொறுமைதான் தீர்ந்துபோனது. கடப்பாரையை வாங்கித் தானே நெம்பினாள். ஐம்பத்தெட்டு வயதில் அவளுக்கு அந்தக் கைவலு இருந்ததில் அலமாரியைத் தவிர வேறு யாருக்கும் ஆச்சரியம் இல்லை.

அடித்தட்டில், பழைய போஸ்டர் கட்டுகளுக்குக் கீழே, நீளமாக ஒரு தகரக் குழாய். மூடியில் 'கொட்டகையின் மூல வரைபடம்' என்று தாத்தாவின் கையெழுத்து. பொழுது சாய்ந்துவிட்டது, காகிதம் பொடிந்துபோனால் என்ன செய்வது, காலை வெளிச்சத்தில் பிரிக்கலாம் என்று சொன்னவள் சின்னவள். பெரியக்காவுடைய தம்பியின் மனைவி. டிக்கெட் கவுன்ட்டரில் உட்காருபவள் என்பதால் அவசரக்காரர்களைச் சமாளிப்பது அவளுக்குக் கைவந்த கலை.

இந்த வாரம்தான் தொடரைக் கையில் எடுத்தவர்களுக்காக விஷயத்தைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். எழுபத்திரண்டு வருஷமாக ஸ்டேஷன் ரோட்டில் நிற்கிறது இந்தத் தியேட்டர். கட்டியவர் பெரியக்காவின் தாத்தா, இப்போது நடத்துபவள் அவள். ரோட்டை அகலமாக்கப் போகிறார்கள். அவர்கள் போட்ட கோடு தியேட்டரின் முன்பக்கத்தில் பதினைந்து அடியை விழுங்குகிறது. அதாவது சூரியச் சுவரை. பாதுகாக்கவேண்டிய கட்டடங்களின் பட்டியலில் இடம் கிடைத்தால் ரோடு வளைந்து போகும். கிடைக்காவிட்டால் சுவர் போகும். பட்டியலில் சேர்க்கும் குழு ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தது. மூல வரைபடத்தைக் கொண்டுவாருங்கள்.

அந்தக் குழுவின் தலைவியம்மா பார்வையிட வரும் நாள் இன்று.

சூரியச் சுவரைப் பார்க்காதவர்களுக்கு அதை எப்படிச் சொல்வது என்று எனக்கு எப்போதும் குழப்பம்தான். நாற்பதடி உயரம். ஜன்னல் கிடையாது, பால்கனி கிடையாது. முழுச் சுவரையும் அடைத்துக்கொண்டு சுண்ணாம்புக் காரையில் எழும்பி நிற்கும் ஒரு பாதிச் சூரியன், முப்பத்தாறு கதிர்கள். காலையில் நிஜச் சூரியன் எதிரே வரும்போது ஒவ்வொரு கதிருக்கும் நிழல் விழும். இடது ஓரத்தில் ஒரு கதிர் மட்டும் குட்டை. கொத்தனார் கை தவறியிருக்கும் என்பார்கள். ஆனால் இந்தப் பக்கத்தில் யாரும் யாரையும் சந்திக்கவேண்டும் என்றால் 'குட்டைக் கதிருக்குக் கீழே நில்லு, வந்துடறேன்' என்றுதான் சொல்வார்கள்.

உள்ளே இன்னொரு விசேஷம். மற்ற தியேட்டர்களில் பின்பக்கமாக நுழைந்து, இருட்டோடு இருட்டாக உட்கார்ந்துவிடலாம். இங்கே அந்தப் பருப்பு வேகாது. வாசல் திரைக்கு அடியில், இரண்டு ஓரத்திலும். கனமான இரட்டைத் திரைச்சீலையைத் தள்ளிக்கொண்டு நுழைந்தால் அறுநூறு முகங்கள் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். யாரோடு வந்தீர்கள் என்பதையும் பார்த்துக்கொண்டிருக்கும். அதனாலேயே நின்றுபோன காதல்கள் உண்டு, அவசரமாக நடந்த கல்யாணங்களும் உண்டு. எங்கள் புறநகர்க்காரர்கள் கல்யாணத்துக்குத் தாமதமாகப் போவார்கள், சினிமாவுக்குப் போகமாட்டார்கள்.

இதெல்லாம் தாத்தாவின் மூளை என்பது குடும்பத்தின் பெருமை. ஜனங்களுக்கு நேரந்தவறாமை கற்றுத்தரவே அவர் வேண்டுமென்று கொட்டகையை இப்படி அமைத்தார் என்று பெரியக்கா ஐந்து வயதிலிருந்து ஒப்பித்து வருகிறாள். தம்பி சரித்திர ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டிலும் வெளியிலும் வாத்தியார்தான். அவர் அதையே பன்னிரண்டு பக்கங்களில், அடிக்குறிப்புகளோடு எழுதிக் குழுவுக்கு அனுப்பியும் விட்டார். 'ஒரு தனிமனிதரின் தொலைநோக்கு' என்பது தலைப்பு.

காலை ஒன்பது மணிக்கு மேனேஜர் அறை மேஜையில் மூன்று பேரும் வரைபடத்தைப் பிரித்தார்கள்.

எண்ணெய்த் துணியில் நீலக் கோடுகள். ஒரு மூலை மட்டும் சுருண்டு ஒட்டிக்கொண்டு விரிய மறுத்தது. மற்றபடி நேற்று வரைந்ததுபோல இருந்தது. வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒவ்வொரு தூணாகத் தொட்டுக்காட்டி இது இங்கே, அது அங்கே என்று சொல்லிக்கொண்டே போனார்.

சின்னவள் மேஜைக்கு எதிர்ப்பக்கம் நின்றிருந்தாள். அவள் தலையை ஒரு பக்கம் சாய்த்தாள், பிறகு மறுபக்கம்.

"நீங்க சரியாத்தான் காட்டறீங்க. ஆனா உங்க பக்கத்துலேர்ந்து பார்த்தா எழுத்தெல்லாம் தலைகீழா இருக்கே," என்றாள்.

வாத்தியார் சிரித்துக்கொண்டே துணியைத் திருப்பினார். எழுத்து நேரானது. கட்டடம் மாறியது. ஸ்டேஷன் ரோடு என்று எழுதியிருந்த பக்கத்தில் அகலமான படிகள், ஆறு கதவுகள், மேலே ஜன்னல்கள், பால்கனி. திரை கோடியில், பின்தெருவை ஒட்டி. உலகத்தில் மற்ற எல்லாத் தியேட்டரையும் போல.

மறுபடி திருப்பினார். கட்டடம் சரியானது, எழுத்து தலைகீழானது. மூன்றாவது தடவை திருப்பியபோது பெரியக்கா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். திருப்பிக்கொண்டே இருந்தால் மாறிவிடக்கூடிய விஷயம் இல்லை அது. தொலைநோக்கு உள்ள அந்தத் தனிமனிதர் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அஸ்திவாரத்துக்கு முளையடித்திருக்கிறார்.



வாத்தியார்தான் முதலில் சுதாரித்துக்கொண்டார். வரைபடம் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாம் என்றார். தன் பன்னிரண்டு பக்கங்களையே மூல ஆதாரமாக ஏற்கச் சொல்லி வாதாடலாம். இதைக் காட்டினால் என்ன ஆகும்? ஒரு தப்பை யாராவது பாதுகாப்பார்களா? ரோடு போடுபவர்கள் கைகொட்டிச் சிரிக்கமாட்டார்களா? அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. குழாயை மூடி, பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பெரியக்கா தடுக்கவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த தாத்தாவின் படத்தைப் பார்த்தாள். அவர் மீது அவளுக்குக் கோபம்கூட வரவில்லை, வெட்கமாக இருந்தது. எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள்!

தலைவியம்மா படம் ஆரம்பித்து இருபது நிமிஷம் கழித்து வந்தார். வேண்டுமென்றுதான். வாத்தியார் வாசலில் தயாராக வைத்திருந்த பத்து நிமிஷ வரவேற்புரையைக் கையமர்த்திவிட்டு, டிக்கெட் வாங்கித் தாமதமாக வருபவர்களைப் போல முதலில் உள்ளே போய்ப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டார். சின்னவள் ஒரு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தாள். பெரியக்கா நாலடி தள்ளிப் பின்னாலேயே போனாள்.

இரட்டைத் திரைச்சீலைக்கு அப்பால் டார்ச்சண்ணன் நின்றிருந்தார். முப்பத்தொரு வருஷமாக அங்கேதான் நிற்கிறார். தாமதமாக வருபவர்களை இடத்தில் கொண்டுபோய் உட்காரவைப்பது அவர் வேலை. பெரியக்காவைவிட நாலு வயது மூத்தவர், ஆனாலும் ஊழியர்கள் எல்லோரையும் போல அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

அவர் டிக்கெட்டைப் பார்த்தார். டார்ச்சைத் தலைவியம்மாவின் காலடியில் அடித்தார். பிறகு, பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டியபடி, பின்பக்கமாகவே படியேறத் தொடங்கினார்.

எங்கள் தியேட்டரில் டார்ச் பிடிப்பவர்கள் இப்படித்தான் நடப்பார்கள். மொத்தம் இருபத்தாறு படிகள். ஒன்பதாவதும் பதினேழாவதும் மற்றவற்றைவிடத் தணிவு. அதைக் காலே எண்ணிக்கொள்ளும். டார்ச்சண்ணன் திரும்பிப் பார்த்து ஒருநாளும் யாரும் கண்டதில்லை. அவர் முகம் வருகிறவர் பக்கம், வெளிச்சம் வருகிறவர் காலில். உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவருக்குக்கூடக் கண் கூசாது.

தலைவியம்மா நாலு படி ஏறிவிட்டு நின்றார். திரையில் ஏதோ பகல் காட்சி வந்து அரங்கம் முழுக்க வெளிச்சமானது. அவர் நிமிர்ந்து அத்தனை முகங்களையும் பார்த்தார். பெரியக்கா திரைச்சீலையின் மடிப்பில் நின்று அவரைப் பார்த்தாள். முதல் தடவை வருபவர்கள் எல்லோரும் அந்த நாலாவது படியில்தான் நிற்பார்கள். அந்த ஒரு நிமிஷத்துக்கு அவள் வெட்கத்தை மறந்து பெருமைப்பட்டாள்.

ஏன் பின்பக்கமாக நடக்கிறீர்கள் என்று தலைவியம்மா தணிந்த குரலில் கேட்டார்.

"முன்னால பார்த்து ஏறினா வெளிச்சம் உட்கார்ந்திருக்கறவங்க கண்ணுல அடிக்கும்மா," என்றார் டார்ச்சண்ணன். "கட்டும்போது கொட்டகையோட பின்பக்கத்தை முன்னால வெச்சுத் தப்பாக் கட்டிட்டாங்க. கட்டினதை மாத்த முடியாது. அதான் நாங்க நடையை மாத்திக்கிட்டோம்."

மூன்றாவது வரிசையில் யாரோ உஷ் என்றார்கள். டார்ச்சண்ணன் ஐந்தாவது படியில் கால் வைத்தார்.

பெரியக்கா மடிப்பிலிருந்து டார்ச்சண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். இவருக்குத் தெரிந்திருக்கிறது. இன்று காலைவரை தனக்குத் தெரியாதது இவருக்கு முப்பத்தொரு வருஷமாகத் தெரிந்திருக்கிறது.

சின்னவள் கவுன்ட்டரில் இருக்க, மற்ற மூன்று பேரும் இடைவேளையில் மேனேஜர் அறையில் உட்கார்ந்தார்கள். தலைவியம்மா வாத்தியாரின் பன்னிரண்டு பக்கங்களை மேஜையில் வைத்தார். பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடுகள். தான் ஒருகாலத்தில் பையன்களின் நோட்டில் போட்ட கோடுகள் வாத்தியாருக்கு ஞாபகம் வந்திருக்கவேண்டும், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இதுல வேணும்னே இப்படிக் கட்டினதா எழுதியிருக்கீங்க," என்றார் தலைவியம்மா. "உங்க டார்ச்காரர் தவறிப்போய்க் கட்டினதா சொல்றார். எது நிஜம்?"

வாத்தியார் சிரித்தார். பாவம், படிக்காதவர், ஊழியர்கள் பொழுதுபோகாமல் ஏதாவது கட்டிவிடுவார்கள், அதையெல்லாம் ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியுமா என்றார். கதவருகே டீக்கோப்பைகளோடு வந்த டார்ச்சண்ணன் அதைக் கேட்டார்.  கோப்பைகளை ஒவ்வொன்றாக மேஜையில் வைத்தார்.

வைத்துவிட்டு, "நான் ஏதோ தெரியாம சொல்லிட்டேம்மா, மனசுல வெச்சுக்காதீங்க," என்றார்.

அதுதான் பெரியக்காவால் தாங்க முடியாமல் போனது. எழுபத்திரண்டு வருஷமாகக் கட்டிக்காத்த பெருமை ஒரு பக்கம், சூரியச் சுவர் ஒரு பக்கம். இதோ, இந்த மனிதர் தன்னைத்தானே பொய்யராக்கிக்கொண்டு இரண்டையும் காப்பாற்றித் தருகிறார். அவள் பேசாமல் இருந்தால் போதும், காரியம் முடிந்துவிடும்.

அவள் எழுந்தாள். தம்பியின் சட்டைப்பைக்குள் கைவிட்டுச் சாவியை எடுத்தாள். வாத்தியார் அக்கா என்று ஈனசுரத்தில் கூப்பிட்டதைக் காதில் வாங்காமல் பீரோவைத் திறந்து குழாயை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"அவர் சொல்றதுதான் சரி. எங்களுக்கே இன்னிக்குக் காலைலதான் தெரியும். அவரைப் பொய் சொல்லவெச்சு இந்தச் சுவரை நிறுத்திக்க எனக்கு வேண்டாம்," என்றாள்.

தலைவியம்மா வரைபடத்தை விரித்தார். வாத்தியார் மூன்று தடவை திருப்பியதை அவர் ஒரு தடவையில் புரிந்துகொண்டார். ஒட்டிக்கொண்டிருந்த மூலையை மட்டும் விடவில்லை. பையிலிருந்து ஒரு மெல்லிய தகட்டை எடுத்து, மயிரிழை மயிரிழையாகப் பிரித்தார். உள்ளே எழுத்து இருந்தது.

நீலப் பென்சிலில், தாத்தாவின் கை: 'தப்பு என்னுடையது. வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துவிட்டேன். எல்லாவற்றையும் இடித்துவிடலாம்.'

அதன் கீழே கரிக்கோலில் வேறு கை, கோணல்மாணலாக: 'இடிக்க வேண்டாம். ஜன்னல் இல்லாத அந்தப் பெரிய சுவரை எனக்குக் கொடுங்கள்.' பெயர் இல்லை. பெயர் போடவேண்டிய இடத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பாதிச் சூரியன். இடது ஓரத்தில் ஒரு கதிர் மட்டும் குட்டை.

அதற்கும் கீழே, மறுபடி நீலத்தில் ஒரே வார்த்தை. 'சரி.'

யாரும் டீயைத் தொடவில்லை. கை தவறியதல்ல அந்தக் குட்டைக் கதிர், அது ஒரு மனிதரின் கையெழுத்து என்று நாலு பேருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது. வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

தலைவியம்மா நிதானமாகப் பேசினார். இருபது வருஷமாகப் பழைய கட்டடங்களைப் பார்த்து வருகிறாராம். எல்லோருடைய தாத்தாவும் மேதைதானாம். தப்பு என்னுடையது என்று வரைபடத்திலேயே எழுதிவைத்த ஒருவரை இப்போதுதான் பார்க்கிறாராம். இந்தப் பன்னிரண்டு பக்கத்தை ஏற்க முடியாது. நடந்ததை நடந்தபடி எழுதித் திங்கட்கிழமைக்குள் கொடுத்தால் அவரே குழுவில் பேசுவார். ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. விண்ணப்பத்தில், முகப்பை உருவாக்கியவர் பெயர் என்று ஒரு கட்டம் உண்டு. இன்னார் செய்தது என்று காட்டமுடியாத முகப்புக்காக ரோட்டை வளைக்கச் சொன்னால், எதிர்த்தரப்பு அந்த ஓட்டையில்தான் கைவைக்கும். பெயரைக் கண்டுபிடியுங்கள் என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன டீயைக் குடித்து முடித்து, மிச்சப் படத்தைப் பார்க்கப் போய்விட்டார்.

சாயங்காலம் வாத்தியார் டார்ச்சண்ணனிடம் போய் நின்றார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத மனிதர். இடைவேளையில் வாய் தவறிவிட்டது என்று ஆரம்பித்து எங்கெங்கோ சுற்றினார். டார்ச்சண்ணன் பாதியிலேயே அவரைக் காப்பாற்றி, விடுங்க வாத்தியாரே என்றார்.

பெரியக்கா விடவில்லை. இத்தனை வருஷமாக ஏன் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்று கேட்டாள்.

"முதல் டார்ச் ரெண்டாவது ஆளுக்குச் சொன்னாரு. அவரு எனக்குச் சொன்னாரு," என்றார் டார்ச்சண்ணன். "நீங்க எல்லாரும் அவ்வளவு பெருமையா வேற கதை சொல்லிட்டு இருந்தீங்க. அதை எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டோம்க்கா."

பெரியக்கா சிரித்தாள். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மூன்று டார்ச்காரர்கள் சேர்ந்து ஒரு குடும்பத்தின் மானத்தை இருட்டில் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாகவே எழுபத்திரண்டு வருஷம் நடந்திருக்கிறார்கள். தாத்தாவின் மூளையைவிட இதுதான் பெரிய பெருமையாக அவளுக்குப் பட்டது. அதை அவரிடமே சொல்லவும் சொன்னாள். டார்ச்சண்ணனுக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வரைபட மூலையில் இருந்த சூரியனைப் பற்றிப் பெரியக்கா சொல்லக் கேட்டிருந்த சின்னவள் அப்போதுதான் கவுன்ட்டரிலிருந்து வந்தாள். கையில் முதல் டார்ச்காரரின் பித்தளை டார்ச். கவுன்ட்டரின் கண்ணாடிப் பெட்டியில் வருஷக்கணக்காகக் காட்சிக்கு இருப்பது. வாராவாரம் அதைத் துடைப்பவள் அவள்தான்.

டார்ச்சைத் தலைகீழாகத் திருப்பி அடிமூடியைக் காட்டினாள். ஆணியால் கீறிய பாதிச் சூரியன். ஒரு கதிர் குட்டை.

"கம்பெனி முத்திரைன்னு நெனச்சுத் துடைச்சிட்டு இருந்தேன் அண்ணி," என்றாள்.

ஆக, அந்தச் சுவரைக் கேட்டு வாங்கியவர் வேலை முடிந்ததும் போய்விடவில்லை. தன்னால் இடிபடாமல் நின்ற கொட்டகையில் டார்ச்சைக் கையில் வாங்கிக்கொண்டு, எப்படி நடந்தால் யார் கண்ணும் கூசாது என்று பழகி, தான் செய்த சுவரைப் பார்த்தபடியே காலமெல்லாம் படியேறியிருக்கிறார். திரைக்கு அந்தப் பக்கம் அவருடைய சூரியன். இந்தப் பக்கம் அவர்.

வாத்தியார் அங்கேயே, படிக்கட்டில் உட்கார்ந்து, புதுத் தாளில் எழுதத் தொடங்கினார். முதல் வரியை உரக்கப் படித்தார். 'எங்கள் தாத்தா வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்தார். அதனால்தான் எங்களுக்கு இந்தச் சுவர் கிடைத்தது.' பெரியக்கா தலையாட்டினாள். வாத்தியாராக எழுதிய பன்னிரண்டு பக்கத்தில் அவருக்கு இப்படி ஒரு வரி அமையவில்லை.

அடுத்து பெயர். டார்ச்சண்ணன் உதட்டைப் பிதுக்கினார். முதல் டார்ச்சின் பெயர் யாருக்கும் தெரியாது. எல்லோரும் டார்ச் என்றுதான் கூப்பிட்டார்கள், இவரைக் கூப்பிடுவது போலவே. ஆனால் அவருக்கு ஒரு மகள் உண்டு. ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் எங்கோ இருப்பதாக இரண்டாவது ஆள் சொன்னதுண்டு. வெள்ளிக்கிழமை முதல் காட்சிக்கு வருவாராம். உள்ளே நுழையும் முன் சுவரை ஒருதரம் தொடுவாராம்.

சின்னவள் நிமிர்ந்தாள். "குட்டைக் கதிருக்குக் கீழே தொடுவாங்களே, அவங்களா? ஏழாவது வரிசை, இடது ஓரம். வாராவாரம் நான்தான் டிக்கெட் கொடுக்கறேன்."

இன்று வியாழக்கிழமை.

பெரியக்கா இருக்கை அட்டையை எடுத்து, ஏழாவது வரிசையின் இடது ஓரத்தைப் பென்சிலால் வட்டமிட்டாள். டார்ச்சண்ணன் பித்தளை டார்ச்சைச் சின்னவளிடமிருந்து இரண்டு கையாலும் வாங்கி, அடிமூடியைத் திருகினார். இறுகியிருந்த மூடி மெல்ல அசைந்தது.

"நாளைக்கு அந்த அம்மாவை இதை வெச்சுத்தான் கூட்டிட்டுப் போறேன்," என்றார். "புது பேட்டரி வாங்கிட்டு வாங்க, எரியுதான்னு பார்ப்போம்."